கம்பியில்லாப் பாலமும் பச்சை விளக்கும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



நான் மேடையில் பேசிப் பழகியவன் இல்லை. போன மாதம் செயலாளர் என்னை வழியில் நிறுத்தி, "உங்க மொட்டை மாடியில வெள்ளையா ஒரு பெட்டி நிக்குதே, அது கேமராவான்னு நாலு பேர் என்கிட்ட கேட்டுட்டாங்க. நீங்களே கூட்டத்துல சொல்லிடுங்க" என்றார். அதனால்தான் வந்திருக்கிறேன். முதலில் அந்த நாலு பேருக்கும் பதில்: அது கேமரா இல்லை. யார் வீட்டையும் பார்ப்பதில்லை. அது ஒரு பாலத்தின் ஒரு கரை. இன்னொரு கரை எங்கள் தோப்பு வீட்டுக் கூரையில் இருக்கிறது. நடுவில் இருப்பது வெறும் காற்று.

எதற்காக வைத்தேன்

எங்கள் வீடு தெருவைப் பார்த்தது. பின்னால் தென்னந்தோப்பு. தோப்புக்கு அந்தப் பக்கம், 110 மீட்டர் தள்ளி, தாத்தா கட்டிய பழைய வீடு. அம்மாவுக்கு 78 வயது. அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். மண் சுவர் ஒன்றரை அடி கனம், மேலே தகரக் கூரை. உள்ளே கைபேசியில் ஒரு கோடு கூடக் காட்டாது. பேச வேண்டுமென்றால் வெளியே துவைகல் பக்கம் வந்து நிற்க வேண்டும்.

போன மாசி மாதம் ஒரு விடியற்காலை, பின்வாசல் படியில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். கையில் போன் இருந்தது. ஆனால் துவைகல் வரை நகர முடியவில்லை. பால்காரத் தம்பி வந்து பார்க்கும்வரை ஒன்றரை மணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறார். நல்லவேளை, கால் பிசகியதோடு போயிற்று. அம்மா அதை மறந்துவிட்டார். எனக்குத்தான் மறக்கவில்லை. தெருவீட்டில் இணையம் ஓடிக்கொண்டிருக்கிறது, நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறோம், 110 மீட்டரில் பெற்ற தாய் கூப்பிட வழியில்லாமல் கிடக்கிறார்.

இப்போது பல கைபேசிகளில் வைஃபை வழியாகவே சாதாரண அழைப்பு பேசலாம். ஆகவே தோப்பு வீட்டுக்குள் வைஃபை வந்துவிட்டால் போதும், படுக்கையில் இருந்தபடியே அம்மா கூப்பிடலாம். அதுதான் கணக்கு.

முதலில் செய்த இரண்டு தவறுகள்

கடையில் கேட்டபோது ரிப்பீட்டர் வாங்கச் சொன்னார்கள். வாங்கிப் பின்கட்டு ஜன்னலில் மாட்டினேன். ரிப்பீட்டர் என்பது ஒருவர் சொல்வதைக் கேட்டு, அதே வாயால் அடுத்தவருக்குத் திருப்பிச் சொல்கிற ஆள். ஒரே அலைவரிசையில் கேட்கவும் பேசவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதோடு அதன் ஆன்டெனா எல்லாத் திசையிலும் கத்துகிறது. தோப்புப் பக்கம் போவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் மண் சுவரையும் தகரத்தையும் தாண்டவில்லை. ஒரு வீட்டுக்குள் அடுத்த அறைக்கு எடுத்துப்போக ரிப்பீட்டர் சரி. தோப்பைத் தாண்ட அது ஆகாது.

அடுத்து கேபிள் இழுக்க நினைத்தேன். நெட்வொர்க்குக்குப் போடும் செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதைவிடப் பெரிய சங்கடம் இடி மின்னல். பக்கத்தில் மின்னல் விழுந்தால் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே கிடக்கும் நீளமான செம்புக் கம்பியில் அழுத்தம் பாய்ந்து, இரண்டு முனையிலும் இருப்பதைச் சுட்டுவிடும். கண்ணாடி இழைக் கேபிளில் இந்தத் தொல்லை இல்லை, தூரமும் பிரச்சினை இல்லை. உங்களால் பள்ளம் தோண்ட முடியுமானால் இழைக் கேபிளே நல்லது, நான் சொல்லும் பாலம் கூட வேண்டாம். எங்கள் தோப்பில் நடுவே பொது வாய்க்கால் போகிறது, வருஷத்துக்கு இரண்டு முறை உழவும் உண்டு. அதனால்தான் காற்று வழிக்கு வந்தேன்.

பாலம் என்றால் என்ன

தலைவாசலில் நின்று ஊரைக் கூப்பிடுவது சாதாரண வைஃபை. இரண்டு கையையும் வாயருகே குவித்து, எதிரில் இருக்கும் ஒருவரை மட்டும் கூப்பிடுவது பாலம். இரண்டு கருவிகள், ஒன்றை ஒன்று பார்த்தபடி. தெருவீட்டு ரூட்டரிலிருந்து கேபிள் மாடியில் உள்ள கருவிக்குப் போகிறது. அது அலையாக அனுப்புகிறது. தோப்பு வீட்டுக் கருவி வாங்கி மறுபடி கேபிளில் இறக்குகிறது. அந்தக் கேபிள் அங்கே ஒரு சின்ன ரூட்டரில் சொருகப்பட்டு, வீட்டுக்குள் வைஃபை தருகிறது. நம் நெட்வொர்க்கைப் பொறுத்தவரை நடுவில் ஒரு நீளமான கேபிள் கிடப்பது போலத்தான்.

இது நமக்குப் புதிய சமாசாரம் என்று நினைக்காதீர்கள். இங்கே பஸ் ஏறினால் பெரியகுளம் தாண்டித் தேனி. அங்கே அரவிந்த் கண் மருத்துவமனை இதே வேலையை 2000-களின் நடுவிலேயே செய்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் என்ற பேராசிரியரின் குழு உடன் நின்றது. தேனி மருத்துவமனையையும் சுற்றியுள்ள ஊர்களில் இருந்த 5 கண் பரிசோதனை மையங்களையும் வைஃபையால் இணைத்தார்கள். மையத்தில் இருக்கும் பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதிப்பார், தேனியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் திரையில் நோயாளியோடு முகம் பார்த்துப் பேசுவார். ஒரு கண் சோதனைக்காகக் கூலியை விட்டுப் பஸ் பிடிக்க வேண்டியதில்லை.

நம் வீட்டில் ஓடும் வைஃபையின் மூத்த தலைமுறைதான் அது. ஒவ்வொரு தாவலும் 1 கிலோமீட்டரிலிருந்து 15 கிலோமீட்டர் வரை. சில இடங்களில் கோபுரம் நட்டார்கள், சில இடங்களில் மாடியில் கம்பம். ஓர் இடத்தில் ஜவுளி ஆலை வளாகத்தின் புகைபோக்கியையே கம்பமாகப் பயன்படுத்தினார்கள்.

தூரம் கூடும்போது வைஃபை ஏன் திணறுகிறது என்றால், அது ஒவ்வொரு பொட்டலம் அனுப்பியதும் "கிடைத்ததா?" என்று பதிலுக்குக் காத்திருக்கும். 15 கிலோமீட்டர் போக அலைக்கு ஒரு விநாடியில் 20,000-இல் ஒரு பங்கு நேரம் ஆகும். நமக்கு அது ஒன்றுமே இல்லை. வைஃபைக்கு அது நீண்ட நேரம். பதில் வருவதற்குள் தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பும். பெர்க்லி குழு அந்தப் பழக்கத்தை மாற்றி எழுதியது. பொட்டலங்களை மொத்தமாக அனுப்பி மொத்தமாகப் பதில் வாங்குவது, இரு பக்கமும் முறை வைத்துப் பேசுவது என்று அமைத்தார்கள். 2007-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நம் 110 மீட்டருக்கு அந்த வித்தை எதுவும் தேவையில்லை. கடையில் கிடைக்கும் கருவி போதும்.

ஆனால் 2008-இல் அதே குழு இன்னொரு கட்டுரை எழுதியது. அதைத்தான் நாம் படிக்க வேண்டும். இணைப்பைப் போட்ட பிறகு அதை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பது பற்றியது. தொல்லை கொடுத்தவற்றில் அவர்கள் முதலில் வைத்தது மின்சாரத்தை. திடீர் அழுத்தத்தில் கருவி கருகியது. அழுத்தம் குறைந்தால் கருவி அணையவும் இல்லை, ஓடவும் இல்லை, நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. யாராவது போய் அணைத்துப் போட வேண்டும். அதனால் கருவியைத் திருத்தியதோடு அங்கிருந்த உள்ளூர் ஊழியர்களையும் பழக்கினார்கள். எனக்கு நடந்ததும் இதுவேதான். வரிசையாகச் சொல்கிறேன்.

எப்படி அமைப்பது

வெளியில் வைக்கும் ஜோடிக் கருவிகள் இரண்டு வாங்கினேன். 5 கிகாஹெர்ட்ஸ் வகை. கருவி, வெளிப்புறக் கேபிள், ஜிஐ பைப், கிளாம்ப், எல்லாம் சேர்த்து எனக்கு 9,400 ரூபாய் ஆயிற்று. ஏற்கெனவே வீட்டில் கிடந்த பழைய ரூட்டரைத் தோப்பு வீட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஒன்று. மாடி ஏறுவதற்கு முன்பே இரண்டையும் மேசையில் வைத்து அமைத்துவிடுங்கள். ஏணியில் நின்றுகொண்டு லேப்டாப்பைத் தட்டுகிற வேலை வேண்டாம்.

இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுங்கள். எங்கள் வீட்டு ரூட்டர் 192.168.1.1. மாடிக் கருவிக்குக் கடைசி எண் 2, தோப்புக் கருவிக்கு 3, தோப்பு ரூட்டருக்கு 4. இதை ஒரு தாளில் எழுதி மீட்டர் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது.

மூன்று. எண் வழங்கும் வேலை, டி.எச்.சி.பி. என்பார்கள், முதல் ரூட்டரில் மட்டும் இருக்க வேண்டும். தோப்பு ரூட்டரில் அதை அணைத்துவிடுங்கள். பாலத்திலிருந்து வரும் கேபிளை அங்கே 'வான்' துளையில் சொருகாமல் 'லான்' துளையில் சொருகுங்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர் ரேஷன் அட்டை எழுதினால் என்ன ஆகுமோ, இரண்டு ரூட்டர் எண் வழங்கினால் அதுதான் ஆகும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போயிற்று.

நான்கு. டபிள்யூ.டி.எஸ். என்று ஓர் அமைப்பு இருக்கும். இரண்டு பக்கமும் அதை இயக்குங்கள். சாதாரண வைஃபை அனுப்பும் கடிதத்தில் மூன்று முகவரிக்குத்தான் கட்டம் உண்டு. பாலத்துக்கு நான்கு வேண்டும்: எழுதியவர், பெறுபவர், நடுவில் கைமாற்றும் இரண்டு பேர். அது இல்லாவிட்டால் பாலம் வந்தது போலக் காட்டும், பின்னால் இருக்கும் கருவிகளுக்கு மட்டும் ஒழுங்காக வேலை செய்யாது.

ஐந்து. கருவியோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். ஊருக்கே தெரிந்த சொல் அது. அலைக்கு டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது அதற்கு மேற்பட்ட பூட்டுப் போடுங்கள்.

ஆறு. திசை பார்ப்பது. ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே. கருவியின் பக்கத்தில் சிக்னல் அளவு மைனஸ் எண்ணில் காட்டும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க பலம். மைனஸ் 50-க்கும் 65-க்கும் நடுவில் வந்தால் திருப்தி. 75-க்குக் கீழே போனால் எங்கேயோ தவறு. 35 என்று காட்டினால் அது பெருமை இல்லை, காதருகே கத்துகிற மாதிரி. அனுப்பும் சக்தியைக் குறையுங்கள்.

தென்னை மட்டை

கருவிக்குக் கருவி கண்ணுக்குத் தெரிகிறது, அது போதும் என்று நினைத்தேன். போதாது. அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை, நடுவில் வெள்ளரிக்காய் போல உப்பிப் போகிறது. 110 மீட்டருக்கு, நான் வைத்திருக்கும் 5.8 கிகாஹெர்ட்ஸில், நடுவில் அந்த உப்பல் சுற்றிலும் சுமார் 1.2 மீட்டர், அதாவது 4 அடி. அந்த 4 அடிக்குள் இலை, மட்டை எதுவும் இல்லாமல் இருந்தால் நல்லது. தேனியில் 15 கிலோமீட்டருக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் 10 மீட்டருக்கு மேல் வருகிறது. கோபுரம் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் வைத்தது சித்திரையில். காற்றே இல்லாத காலை. எல்லாம் அற்புதமாக ஓடியது. ஆடி பிறந்தது, நம் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். காலையில் இணைப்பு இருக்கும். பதினோரு மணிக்கு மேல் விட்டுவிட்டு வரும், சாயங்காலம் சரியாகிவிடும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்கு எடுத்துப்போகக் கழற்றப் போனேன். மாடியில் நின்று பார்த்தால், மூன்றாவது மரத்து மட்டை காற்றில் ஊசலாடி, ஒவ்வொரு வீச்சுக்கும் குறுக்கே வந்து போகிறது. பச்சை ஓலையில் தண்ணீர் இருக்கிறது, தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும். மரத்தை வெட்டவில்லை. பைப்பை 5 அடி உயர்த்தினேன், கிளாம்பை இரட்டையாகப் போட்டேன். அத்தோடு சரியாயிற்று. ஆகவே நம் ஊரில் பாலம் போடுகிறவர்கள் ஆடியில் ஒரு முறை மாடி ஏறிப் பாருங்கள்.

அம்மா அணைத்த சுவிட்ச்

ஆவணியில் இன்னொன்று. தினமும் இரவு ஒன்பது மணிக்கு இணைப்பு போய்விடுகிறது, காலை ஆறு மணிக்குத் தானாக வருகிறது. மூன்று நாள் நான் கருவியின் அமைப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அம்மாவிடம் சும்மா கேட்டேன். "அந்த டப்பாவா? ராத்திரி யாருக்கு வேணும், எதுக்கு கரண்ட் வீணா எரியுதுன்னு நான்தான் அணைச்சுட்டுப் படுப்பேன்" என்றார்.

எந்த நேரத்துக்காக அதை வைத்தேனோ அந்த நேரத்தில் அது அணைந்து கிடந்திருக்கிறது. கோபம் வந்தது உண்மை. ஆனால் தவறு அம்மாவுடையது இல்லை. அந்தப் பெட்டி எதற்கு என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை. "போன் பேசலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். விழுந்த அன்று இது இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உட்காரவைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார்.

இப்போது அடாப்டர் சுவிட்ச் இல்லாத தனி இணைப்பில், இன்வெர்ட்டர் வழியாக இருக்கிறது. பாலத்துக்கு இரண்டு கரையிலும் மின்சாரம் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தோப்பு வீட்டில் மட்டும் இன்வெர்ட்டர் வைத்தால், தெருவீட்டில் கரண்ட் போனதும் எல்லாம் போச்சு. ரூட்டருக்குச் சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது, அது பெரும்பாலும் 12 வோல்ட். மாடிக் கருவிகள் பலவும் 24 வோல்ட் கேட்கும். கருவியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இடியும் சட்டமும்

இது ஐப்பசி. இடி மழைக் காலம். கருவியை மாடியில் இருப்பதிலேயே உயரமான பொருளாக வைக்காதீர்கள். பைப்புக்கு எர்த் கொடுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றினால் மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இடி நெருங்குகிறது என்று தெரிந்தால் கரண்டையும் கேபிளையும், இரண்டையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் பயனில்லை. இடி அடங்கியதும் மறுபடி சொருகுவதை மறக்காதீர்கள்.

இந்த அலைகளுக்கு லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்கிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மத்திய அரசு 2005-லேயே விலக்கு அளித்துவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியைக் கட்டிடத்துக்கு வெளியே பயன்படுத்தவும் 2018 அக்டோபரில் விலக்கு வந்தது. அரசு வைத்த சக்தி வரம்புக்குள் இருக்க வேண்டும். கருவியில் நாடு என்ற இடத்தில் இந்தியா என்று தேர்வு செய்தால் அது தானாக அடங்கும். வேறு நாட்டைப் போட்டால் சக்தி கூடும் என்று யூடியூபில் சொல்வதைக் கேட்காதீர்கள்.

கேட்கப்பட்ட கேள்விகள்

பேசி முடித்ததும் உறுப்பினர்கள் சில கேள்விகள் கேட்டார்கள். முக்கியமானவை மட்டும்.

எதிர் தெருவில் மகள் வீடு. ஒரே கனெக்ஷனை இப்படிப் பாலம் போட்டுப் பகிரலாமா?

அம்மாவின் தோப்பு வீடு எங்கள் இடத்திலேயே இருக்கிறது, ஒரே குடும்பம். வேறு வீட்டுக்குக் கொடுப்பதற்கு முன் உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள். வீட்டு இணைப்பை வெளியே கொடுப்பதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. காசு வாங்கிக் கொடுப்பது கண்டிப்பாகக் கூடாது. அதோடு உங்கள் இணைப்பில் யார் என்ன செய்தாலும் முதலில் உங்களிடம்தான் வந்து கேட்பார்கள்.

கதிர்வீச்சு பயம் உண்டா?

கருவி மாடியில் இருக்கிறது, தோப்புப் பக்கம் பார்க்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் பலம் நாலில் ஒரு பங்காகிவிடும். காதில் ஒட்டிவைத்துப் பேசும் கைபேசியைவிட, பல அடி தள்ளி மாடியில் இருப்பதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை.

நம் சங்க அலுவலகத்திலிருந்து காவலர் அறைக்கு இதைப் போடலாமா?

போடலாம். கண்ணுக்கு நேராகத் தெரிகிற தூரம்தான், நடுவில் ஒரு வேப்பமரம் மட்டும். கருவிக்குக் காசு சங்கத்தில் இருக்கிறது என்று பொருளாளர் சொல்கிறார். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாங்குவதற்கு முன்பு, அதைத் தினமும் பார்த்துக்கொள்ளப் போவது யார் என்று இந்தக் கூட்டத்திலேயே பெயர் எழுதிக்கொள்ளுங்கள். காவலரிடமும் அது எதற்கு என்று சொல்லிவிடுங்கள். ஆள் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

எங்கள் தோப்பு வீட்டில் அந்த ஆள் அம்மாதான். தினமும் காலையில் எழுந்ததும் பெட்டியைப் பார்க்கிறார். பச்சை விளக்கு எரிந்தால் எனக்கு ஒரு மிஸ்டு கால் வரும். எரியாவிட்டால் துவைகல்லில் நின்று கூப்பிடுவார். இன்று காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு மிஸ்டு கால் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே கிளம்பி வந்தேன்.